'இன் தி மூட்': ஒரிஜினல் ரெக்கார்டு எது, ட்யூன் யாரோடது?

நீங்க கேட்டதை முதல்ல ஒரு தடவ திருப்பி சொல்லிடுறேன், சரியா புரிஞ்சுக்கிட்டேனான்னு பாருங்க. 'இன் தி மூட்'னு தேடினா ஏழெட்டு வெர்ஷன் வருது, எல்லாத்துலயும் கிளென் மில்லர்ன்ற பழைய அமெரிக்க டான்ஸ் பேண்டு லீடர் பேருதான் போட்டிருக்கு, ஆனா ஒன்னு கரகரன்னு பழசா கேக்குது, இன்னொன்னு நேத்து எடுத்த மாதிரி பளிச்சுனு ஸ்டீரியோல இருக்கு, இதுல ஒரிஜினல் எதுன்னு கேக்குறீங்க. கூடவே "அது மில்லர் ட்யூனே கிடையாது, சுட்டது"ன்னு உங்க ஃப்ரெண்டு சொன்னது உண்மையான்னும் கேட்டிருக்கீங்க. ரெண்டும் வேற வேற கேள்வி மாதிரி தெரியும். ஆனா குழப்பம் ஒரே இடத்துல இருந்துதான் வருது. மெட்டு, எழுதி ரிஜிஸ்டர் பண்ண பாட்டு, தட்டுல ஏறின ரெக்கார்டு, இந்த மூணையும் நாம ஒன்னா போட்டு கலக்கிடுறோம். பிரிச்சு பாத்தா யார் எதை செஞ்சாங்கன்னு ஓரளவுக்கு தெளிவாவே தெரியும்.

என்னைப் பத்தி ஒரு வரி: நான் இசை ஆராய்ச்சி படிச்சவன் இல்ல. ரொம்ப வருஷம் ஹோட்டல் பேண்டுல டெனார் சாக்ஸ் வாசிச்சேன், இந்த பாட்டை எத்தனை நியூ இயர் பார்ட்டில வாசிச்சிருப்பேன்னு கணக்கே கிடையாது, அப்புறம் 78 ஆர்பிஎம் தட்டு (நிமிஷத்துக்கு 78 சுத்து சுத்துற பழைய கிராமபோன் தட்டு) சேக்குற பைத்தியம் புடிச்சு, அதுங்கள கழுவி டிஜிட்டலா மாத்துறதுதான் இப்ப வேலை. அதனால காதால கேட்டதையும் ரெக்கார்டு தேதியையும் தைரியமா சொல்லுவேன், காசு கணக்கு விஷயத்துல கொஞ்சம் தள்ளியே நிப்பேன்.

மெட்டுலருந்து ஆரம்பிக்கிறேன். அந்த சாக்ஸபோன் எல்லாம் சேர்ந்து ஏறி இறங்குற பிட்டு இருக்கே, அதை ஜாஸ் ஆளுங்க ரிஃப்னு சொல்லுவாங்க. அது முதல்ல தட்டுல ஏறினது 1930 ஆகஸ்ட் 28, அமெரிக்காவுல இண்டியானா மாநிலம் ரிச்மண்ட்ல, ஜென்னெட் கம்பெனி ஸ்டுடியோவுல. அந்த ஸ்டுடியோ ரயில் தண்டவாளத்தை ஒட்டி இருந்தது, வண்டி போனா ரெக்கார்டிங்க நிறுத்திட்டு உக்காந்திருக்கணும், அப்படிப்பட்ட இடம். வாசிச்சது விங்கி மனோன்னு நியூ ஆர்லியன்ஸ்காரர், சின்ன வயசுல ட்ராம் விபத்துல வலது கை போயிடுச்சு, செயற்கைக் கையை மாட்டிக்கிட்டே ட்ரம்பெட் வாசிச்சவர். பாட்டு பேரு 'டார் பேப்பர் ஸ்டாம்ப்', சாம்பியன்னு ஜென்னெட்டோட மலிவு லேபிள்ல வந்தது, அதுலயும் அவரோட சொந்தப் பேரு இல்ல, 'பார்பெக்யூ ஜோ அண்ட் ஹிஸ் ஹாட் டாக்ஸ்'னு போட்டிருந்தாங்க. அந்த ரெக்கார்டைக் கேட்டீங்கன்னா சந்தேகமே வராது, அதே ரிஃப், நல்லா காதுல விழும். ஆனா சாக்ஸ் கூட்டமா வாசிக்கிற அந்த எடுப்பு இருக்காது, சின்ன குழு, சாவகாசமா போகும்.

இந்த ரிஃப் ஏன் மண்டைக்குள்ள ஒட்டிக்குதுன்னு கேட்டா, வாசிச்சவன்ற முறையில ஒன்னு சொல்றேன். அதுல ஸ்வரம் மூணுதான், ஒரு மேஜர் கார்டை (சேர்ந்து ஒலிக்கிற மூணு ஸ்வரத்தை) பிரிச்சுப் போட்ட மாதிரி, அதையே திரும்பத் திரும்ப வாசிக்கணும். ஆனா தாளம் நாலு நாலா போகுது. நம்ம பாஷையில சொன்னா சதுஸ்ர நடைமேல தகிட தகிட தகிடன்னு ஓட்டுற மாதிரி. மூணு மூணா போறதால அழுத்தம் ஒவ்வொரு சுத்துலயும் வேற இடத்துல விழும், காது அது எங்க வந்து சேரும்னு தேடிக்கிட்டே இருக்கும், அதுதான் அந்த இழுப்பு. அடில ஓடுறது சாதாரண 12 பார் ப்ளூஸ், பன்னெண்டு தாளக்கட்டுல கார்டுகள் சுத்தி வர்ற வடிவம், அந்தக் காலத்துல எல்லாருக்கும் பொதுச்சொத்து. அந்த மூணு ஸ்வரத்தையும் ப்ளூஸ் கார்டு மாறுறதுக்கு ஏத்த மாதிரி இடம் மாத்தி வச்சா பாதி பாட்டு ரெடி.

ரிஃப் அதோட நிக்கல. 1931ல ஹோரேஸ் ஹெண்டர்சன் எழுதின 'ஹாட் அண்ட் ஆங்ஷியஸ்'ல அது வந்துச்சு, அதை அவரோட அண்ணன் ஃப்ளெட்சர் ஹெண்டர்சன் பேண்டு ரெக்கார்டு பண்ணாங்க, அடுத்த வருஷம் டான் ரெட்மன் பேண்டும் பண்ணாங்க. 1935ல மில்ஸ் ப்ளூ ரிதம் பேண்டு 'தேர்ஸ் ரிதம் இன் ஹார்லெம்'னு ஒன்னு போட்டாங்க, அதை எழுதினவர் ஜோ கார்லண்ட், அந்த பேண்டுலயே சாக்ஸ் வாசிச்சவர். அதுலயும் இந்த ரிஃபோட வாடை நல்லாவே அடிக்கும். அதாவது நியூயார்க்ல கறுப்பினத்தவர் பகுதியான ஹார்லெம் பேண்டுகள்ல அஞ்சாறு வருஷமா இது கைமாறிக்கிட்டே இருந்திருக்கு. அப்ப பாட்டுக்கு உரிமைன்னா பேப்பர்ல நோட்டேஷன் எழுதி பதிவு பண்ணணும், தட்டுல வாசிச்சதால மட்டும் அது உங்களோடதுன்னு யாரும் எழுதித் தர மாட்டாங்க. நாலு பேரு கூடி வாசிச்சு உருவாக்குற ரிஃபை யாரும் எழுதி வைக்கறதும் இல்ல. அதனால மனோன் பின்னாடி நியாயம் கேட்டப்ப கையில பிடிச்சுக்க ஒன்னும் இல்லாம போச்சு. அவரே 1939ல அதே மெட்டை 'ஜம்பி நெர்வ்ஸ்'னு பேரு மாத்தி திரும்ப ரெக்கார்டு பண்ணாரு, ப்ளூபேர்டு லேபிள்ல. மில்லர் ரெக்கார்டு பண்ணதும் அதே லேபிள்தான், அதுவும் அதே வருஷம், சில மாசம் கழிச்சு!

இப்ப பாட்டு. 'இன் தி மூட்'ன்ற பேரோட, இன்னிக்கு நமக்குத் தெரிஞ்ச பாட்டா அதை வடிவத்துக்கு கொண்டு வந்தது ஜோ கார்லண்ட்தான். அவரு அப்ப எட்கர் ஹேஸ்ன்ற பியானோக்காரர் பேண்டுல இருந்தாரு. 1938 பிப்ரவரியில ஹேஸ் பேண்டு டெக்கா கம்பெனிக்கு அதை ரெக்கார்டு பண்ணாங்க. கறாரா கேட்டீங்கன்னா 'இன் தி மூட்'னு பேரு போட்டு வந்த முதல் ரெக்கார்டு இதுதான், மில்லரோடது இல்ல. டிரம்ஸ்ல யாருன்னு பாருங்க, கென்னி கிளார்க், பின்னாடி பீபாப்ன்ற புது ஜாஸ் பாணில டிரம்ஸையே மாத்தி வச்சவரு, அப்ப சின்னப் பையன். ஆனா அந்த தட்டுல மக்கள் காசு கொடுத்து கேட்டது மறுபக்கத்துல இருந்த 'ஸ்டார்டஸ்ட்'ஐ. 'இன் தி மூட்' பின்பக்கத்துல கிடந்துச்சு. என்கிட்ட ஒரு காப்பி இருக்கு, 'ஸ்டார்டஸ்ட்' பக்கம் தேஞ்சு வெளிறிப்போய், பின்பக்கம் பளபளன்னு கன்னி கழியாம இருக்கு, அதைப் பாத்தாலே அந்தக் கதை புரிஞ்சிடும்.

நடுவுல ஆர்ட்டி ஷா வர்றாரு. 1938 கடைசியில அமெரிக்காவுல அவரைவிட பெரிய பேண்டு லீடர் இல்லைன்னே சொல்லலாம், 'பிகின் தி பெகீன்' அப்பதான் பிச்சுக்கிட்டு ஓடுது. கார்லண்ட் அவர்கிட்ட இந்த பாட்டைக் கொடுத்தாரு, ஷாவும் ரேடியோ ஒலிபரப்புல வாசிச்சாரு, அந்த ரேடியோ பதிவு இன்னிக்கும் கேக்கக் கிடைக்குது. ஆனா ஸ்டுடியோவுல தட்டுக்குன்னு ரெக்கார்டு பண்ணவே இல்ல. காரணம் நீளம். அவரு வாசிச்சது ஆறு நிமிஷத்துக்கு மேல போச்சு. பத்து இன்ச் 78 தட்டுல ஒரு பக்கத்துக்கு மூணு மூணரை நிமிஷம்தான் கொள்ளும். ரெண்டு பக்கமா பிரிச்சுப் போட்டா நடுவுல தட்டைத் திருப்பிப் போடணும், ஆடிக்கிட்டு இருக்கற ஜோடி நடுத்தளத்துல முழிச்சுக்கிட்டு நிக்கும். ஷா அந்த ரேடியோ வாசிப்புல தேவையில்லாத திருப்பம் நிறைய வச்சிருக்காருன்றது என் காதுக்குப் படுற விஷயம், அவரோட க்ளாரினெட்டை நான் எவ்வளவு கொண்டாடுறவனா இருந்தாலும் இதை சொல்லித்தான் ஆகணும்.

மில்லர் செஞ்சது என்னன்னா, வெட்டினாரு. கேக்க சின்ன விஷயமா இருக்கும், ஆனா முழுக் கதையும் அங்கதான் இருக்கு. 1939 கோடையில அவரு பேண்டு நியூயார்க் பக்கத்துல நியூ ரோஷெல்ல, க்ளென் ஐலண்ட் கசீனோன்ற டான்ஸ் ஹால்ல வாசிச்சுக்கிட்டு இருந்துச்சு, ரேடியோவுலயும் அங்கிருந்தே ஒலிபரப்பு. பாட்டை கார்லண்ட் கிட்ட இருந்து வாங்கி, ஹாலிலேயே வாசிச்சுப் பாத்து, எந்த இடத்துல ஆடுறவங்க கால் தளருது எந்த இடத்துல கூச்சல் போடுறாங்கன்னு கவனிச்சுப் பாத்து, ஒவ்வொரு பகுதியா தூக்கிப் போட்டாரு. மிச்சம் வச்சது கொஞ்சந்தான்: தொடக்கத்துல சாக்ஸ் ஒரு துண்டு, ரிஃப், நடுவுல இன்னொரு மெட்டு, ரெண்டு டெனார் சாக்ஸும் கேள்வி பதில் மாதிரி மாத்தி மாத்தி வாசிக்கிற இடம், ட்ரம்பெட் சோலோ, திரும்ப ரிஃப், முடிவு. டெனார்ல டெக்ஸ் பெனிக்கியும் அல் கிளிங்கும், ட்ரம்பெட்ல கிளைட் ஹர்லி. கிளிங்குக்கு மில்லர் பேண்டுல சோலோ கிடைக்கிறதே குதிரைக்கொம்பு, எல்லாமே பெனிக்கிக்குத்தான் போகும், அதனாலயே இந்தப் பாட்டுல அவரு வாசிச்ச அந்த சில நொடி என்னை மாதிரி டெனார்காரங்களுக்கு ரொம்ப புடிக்கும்.

இந்த வெட்டல் ஒட்டல்ல யாருக்கு எவ்வளவு பங்குன்றதுதான் இன்னிக்கும் இழுபறி. எட்டி டர்ஹம் அப்ப மில்லருக்கு அரேஞ்ச்மென்ட் (யார் எந்த இடத்துல என்ன வாசிக்கணும்ன்ற அமைப்பு) எழுதிக் கொடுத்தவர், கவுண்ட் பேசின்ற இன்னொரு ஜாஸ் லீடரோட பேண்டுல இருந்து வந்த பெரிய கை, அவருக்கு இதுல பங்கு உண்டுன்னு நிறைய பேரு சொல்லுவாங்க. பியானோ வாசிச்ச சம்மி மெக்ரெகருக்கும் கடைசி முடிவுல பங்கு இருக்குன்னு ஒரு பக்கம் பேச்சு. மில்லர் தானே பென்சிலை வச்சுக்கிட்டு அடிச்சு அடிச்சு குறைச்சாருன்றது எல்லாரும் ஒத்துக்கற விஷயம். ரிகர்சல்ல பத்து பேரு கூடி திருத்தின ஒன்னுக்கு யாரோ ஒருத்தர் பேரை மட்டும் எழுதறது என் அனுபவத்துல எப்பவுமே தப்பாதான் முடியும், அதனால "டர்ஹம் எழுதினது"ன்னோ "மில்லர் எழுதினது"ன்னோ அடிச்சு சொல்றவங்களை கொஞ்சம் சந்தேகமாவே பாருங்க.

ரெக்கார்டு ஆன தேதில எந்த சந்தேகமும் இல்ல. 1939 ஆகஸ்ட் 1, நியூயார்க். லேபிள் ப்ளூபேர்டு, ஆர்சிஏ விக்டரோட மலிவு லேபிள், தட்டு 35 சென்ட், விக்டர் பேர்ல வர்ற தட்டு 75 சென்ட். தட்டு நம்பர் பி-10416, மறுபக்கம் 'ஐ வாண்ட் டு பி ஹாப்பி'. அப்ப டேப் கிடையாது, வாசிக்க வாசிக்க நேரா தட்டுல வெட்டறதுதான், யாராவது ஒருத்தர் ஒரு ஸ்வரம் வழுக்கினாலும் மொத்த பேண்டும் திரும்ப முதல்ல இருந்து. இன்னிக்கு நாம கேக்குறது ஒட்டு வேலை இல்லாத, ஒரே மூச்சு வாசிப்பு. 1940 ஆரம்பத்துல ஜூக்பாக்ஸ் (காசு போட்டா பாட்டு போடற மெஷின்) எல்லாம் இதுதான், பட்டியல்ல வாரக்கணக்கா முதல் இடம்.

அந்த பொய் முடிவைப் பத்தி சொல்லாம விட முடியாது. ட்ரம்பெட் சோலோ முடிஞ்சதும் ரிஃப் திரும்ப வரும், முடியற மாதிரி டிராம்போன் அடில ஒரு நீட்டு ஸ்வரம் பிடிக்கும், திரும்ப ரிஃப், ஆனா சத்தம் இன்னும் குறைச்சு, திரும்ப முடியற மாதிரி, திரும்ப இன்னும் குறைச்சு, கடைசியில எதோ பக்கத்து ரூம்ல வாசிக்கற மாதிரி ஆயிடும், அப்புறம் டிரம்ஸ் ஒரு தட்டு தட்ட மொத்த பிராஸும் (ட்ரம்பெட், டிராம்போன் கூட்டம்) வந்து விழும். சத்தம் அவ்வளவு குறைஞ்சாலும் வேகம் ஒரு துளி குறையக்கூடாது, அதுதான் கஷ்டம், மெதுவா வாசின்னா மனுஷன் தானா லேட்டா வாசிக்க ஆரம்பிச்சிடுவான். ஒரு நியூ இயர் ராத்திரி எங்க டிரம்மர் எண்ணிக்கையை விட்டுட்டு ஒரு சுத்து முன்னாடியே ஓங்கி அடிச்சிட்டாரு. சாக்ஸ் நாலு பேரும் பிசுபிசுன்னு வாசிச்சுக்கிட்டு இருக்கோம், ட்ரம்பெட்காரங்க கையில ட்ரம்பெட்டே இல்ல, ஒருத்தர் தண்ணி குடிச்சுக்கிட்டு இருக்காரு. ஆடினவங்க அதுவும் பாட்டுதான்னு நெனச்சு கை தட்டிட்டாங்க. அன்னிக்குத்தான் எனக்கு ஒன்னு உறைச்சுது, இந்த பாட்டுல அந்த அமைதியான சுத்துகள் எத்தனைன்றதுதான் அரேஞ்ச்மென்ட்டே, ஸ்வரம் எல்லாம் ரெண்டாவது. ஹேஸ் தட்டைக் கேட்டுட்டு உடனே மில்லர் தட்டைக் கேட்டீங்கன்னா அந்த வித்தியாசம் பளிச்சுனு படும்.

அப்ப "சுட்டது"ன்ற குற்றச்சாட்டுக்கு என்ன பதில்? மில்லர் இது தன்னோட ட்யூன்னு எங்கயும் பதிவு பண்ணல. பாட்டுல இசைக்கு கார்லண்ட் பேரு, வரிகளுக்கு ஆண்டி ராசஃப் பேரு, 'ஐன்ட் மிஸ்பிஹேவின்'க்கு வரி எழுதினவர்தான். ஆக கம்போசர் பணத்துல மில்லருக்கு பங்கே கிடையாது. ரெக்கார்டுக்கே அவருக்கு 175 டாலர் மொத்தமா கொடுத்து அனுப்பிட்டாங்கன்னு ஒரு கதை ஊர் பூரா சுத்துது, அதை கதையா மட்டும் வச்சுக்கோங்க, நான் அதுக்கு கையெழுத்து போட மாட்டேன். குறை சொல்லணும்னா மனோன் பக்கம் நின்னு கார்லண்டைத்தான் கேக்கணும், ஆனா கார்லண்டும் ரிஃப் ஒன்னை மட்டும் எடுத்து நிறுத்தலையே, இன்னொரு மெட்டு சேத்து, ஒரு ஆட்டப் பாட்டுக்கு வேண்டிய உடம்பைக் கொடுத்தாரு. என்னைக் கேட்டா கார்லண்டுக்குப் போன பேரு நியாயமானதுதான், மனோனுக்கு ஒரு வரி நன்றியாவது போட்டிருக்கலாம். உங்க ஃப்ரெண்டு சொன்னது கால்வாசி உண்மை.

இனி எந்த ரெக்கார்டுன்ற கேள்வி. மில்லர் உயிரோட இருந்தப்பவே இந்த பாட்டுக்கு பல பதிவு இருக்கு. 1939 அக்டோபர் 6ல கார்னகி ஹால் கச்சேரில வாசிச்சது, ரேடியோ நிகழ்ச்சிகள்ல வாசிச்சது, 1941ல 'சன் வேலி செரனேட்' படத்துக்கு வாசிச்சது, அப்புறம் ராணுவத்துல சேந்து நடத்துன பெரிய பேண்டோட வாசிச்சது. 1944 டிசம்பர் 15ல அவரு போன குட்டி விமானம் இங்கிலீஷ் கால்வாய்க்கு மேல காணாம போச்சு, அதோட அவரோட ரெக்கார்டு முடிஞ்சுது. ஆனா பேரு முடியல. பெனிக்கி கொஞ்ச காலம் அந்த பேண்டை நடத்துனாரு, 1956ல இருந்து ரே மெக்கின்லி நடத்துன 'கிளென் மில்லர் ஆர்க்கெஸ்ட்ரா' வந்துச்சு, அது கைமாறி கைமாறி இன்னிக்கும் ஓடுது. 1954ல வந்த அவரோட வாழ்க்கைப் படத்துக்கு ஹாலிவுட் ஸ்டுடியோ ஆளுங்க புதுசா வாசிச்சுக் கொடுத்தாங்க. இது எல்லாமே சட்டப்படி அவரு பேரோடதான் வருது, அதுதான் உங்களுக்கு வந்த குழப்பம். போதாக்குறைக்கு ஐரோப்பாவுல பழைய ரெக்கார்டுகளுக்கு உரிமைக்காலம் அப்ப 50 வருஷந்தான், அது 1989 வாக்குல முடிஞ்சதும் ஆளாளுக்கு தொகுப்பு போட்டு தள்ளிட்டாங்க, அதுல பாதிக்கு மேல எந்த வருஷத்து வாசிப்புன்னே எழுத மாட்டாங்க.

மத்தவங்க வெர்ஷன் பத்தி ரொம்ப நீட்ட விரும்பல. இங்கிலாந்துல ஜோ லாஸ் இதையே தன்னோட அடையாளப் பாட்டா வச்சுக்கிட்டாரு, 1959ல எர்னி ஃபீல்ட்ஸ் ராக் அண்ட் ரோல் தாளத்துல போட்டு அமெரிக்காவுல டாப் டென்ல கொண்டு வந்தாரு, 1977ல ரே ஸ்டீவன்ஸ் கோழி கொக்கரிக்கிற குரல்லயே முழுப் பாட்டையும் பாடி அதையும் ஹிட் ஆக்கினாரு (நெஜமாத்தான்), 1989ல ஜைவ் பன்னின்னு ஒரு கோஷ்டி இதை டிஸ்கோ கலவையில சொருகி பிரிட்டன்ல முதல் இடம் புடிச்சாங்க. கோழியை ஒரு தடவ கேளுங்க, ரெண்டாவது தடவ உங்க பொறுப்பு.

கண்டுபிடிக்க என் வழி இதுதான். முதல்ல ஸ்டீரியோவான்னு பாருங்க. மில்லர் காலத்துல கடையில வித்த தட்டு எதுவும் ஸ்டீரியோ கிடையாது, அதனால இடது காதுல சாக்ஸ் வலது காதுல ட்ரம்பெட்னு அழகா பிரிஞ்சு கேட்டா பெரும்பாலும் அது பின்னாடி வந்த பேண்டு. ரெண்டு விதிவிலக்கு இருக்கு. 1960கள்ல பழைய மோனோவையே (ரெண்டு காதுலயும் ஒரே சத்தம் வர்றது) பிராஸ் ஒரு பக்கம் பேஸ் ஒரு பக்கம்னு வடிகட்டி பொய் ஸ்டீரியோவா வித்தாங்க, அது தண்ணிக்குள்ள இருந்து கேக்கற மாதிரி இருக்கும். இன்னொன்னு, ஃபாக்ஸ் ஸ்டுடியோவுல படத்துக்கு எடுக்கும்போது தனித்தனி மைக் ட்ராக்கா பிடிச்சு வச்சிருந்ததால, மில்லர் படப் பாட்டுகள்ல சிலதை ரொம்ப வருஷம் கழிச்சு நிஜமாவே ஸ்டீரியோவா கலந்து வெளியிட்டாங்க, அது மில்லரேதான், ஆனா 1939 தட்டு இல்ல. அடுத்து ஆடியன்ஸ் கை தட்டுற சத்தமோ அறிவிப்பாளர் குரலோ இருந்தா அது ரேடியோ இல்லைன்னா கச்சேரி. அதுவும் இல்லாம, மோனோவா, மூணரை நிமிஷத்த ஒட்டி, ஆர்சிஏ விக்டர் இல்லைன்னா ப்ளூபேர்டுன்னு போட்டு, 1939 ஆகஸ்ட் 1னு தேதியும் இருந்தா அதுதான் நீங்க தேடுற தட்டு. நேரம் இருந்தா மனோனோட 1930, அப்புறம் ஹேஸோட 1938, அப்புறம் ஷாவோட ரேடியோ, கடைசியா மில்லர், இந்த வரிசையில ஒரே மூச்சுல கேளுங்க, கால் மணி நேரத்துக்கு கொஞ்சம் மேல ஆகும், ஹெட்ஃபோன் மட்டும் போட்டுக்கோங்க, ஜென்னெட் தட்டோட கரகரப்பு வீட்ல இருக்கறவங்களுக்கு ஆகாது.